சாவு வீட்டில் கூடும் கூட்டம் படுக்கையில் கிடக்கும்போது எங்கே போகிறது?

பொன்னம்மாபேட்டை வாசி எழுதியது:

சேலத்தில் எங்கள் தெருவில் போன மாதம் ஒரு பெரியவர் தவறிப்போனார். விடிகாலையில் செய்தி தெரிந்தது. வெயில் ஏறுவதற்குள் சாமியானா, பிளாஸ்டிக் சேர், குளிர்பெட்டி, டீ கேன், மாலை எல்லாம் வந்து இறங்கிவிட்டன. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பாடை கட்ட மூங்கிலுக்கு ஒருத்தர் ஓடினார், மின்மயானத்தில் நேரம் வாங்க இன்னொருத்தர் போனார், வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன் போடும் வேலையை எதிர்வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டான். வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட மாலையோடு வந்து நின்றார்கள். ஆத்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, ஆனால் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அதே பெரியவர் பக்கவாதம் வந்து ரொம்ப காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். அப்போதெல்லாம் அந்த வாசலில் கிடந்த செருப்பு அந்த வீட்டுக்காரர்களுடையது மட்டும்தான்.

நம் ஜனங்களுக்கு ஈவிரக்கம் இல்லை என்று சொல்ல இதை எழுதவில்லை. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சாவு வீட்டில் அதைக் கண்ணால் பார்க்கிறோம். "நல்லதுக்குப் போகலன்னாலும் கெட்டதுக்குப் போகணும்" என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: சாவுக்கு ஒரு முறை இருக்கிறது. யார் கோடித்துணி எடுக்க வேண்டும், யார் முதல் நாள் சோறு போட வேண்டும், உள்ளே போனதும் எங்கே உட்கார வேண்டும், கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும் என்பது வரைக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோயாளி இருக்கும் வீட்டுக்கு அப்படி ஒரு முறையும் இல்லை. போய் என்ன பேசுவது, எவ்வளவு நேரம் இருப்பது, என்ன செய்வது என்று தெரியாமலே நிறையப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கம் எப்படி? மனதில் பட்டதை எழுதுங்கள்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

அண்ணா, நீங்கள் மனசைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கூலியைப் பற்றிப் பேசுகிறேன். சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறையில் வேலை. எங்களுக்குச் சம்பளம் கிடையாது, செய்து கொடுக்கிற கிலோவுக்குத்தான் காசு. பட்டறையில் ஒருத்தர் வீட்டில் சாவு என்றால் முதலாளி மறுபேச்சு பேச மாட்டார். அவரே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து தலைகாட்டிவிட்டு, செலவுக்குக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பதினாறாம் நாள் முடியும் வரை வேலைக்கு ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் "அப்பாவைக் குளிப்பாட்ட ஆள் இல்லை, பத்து மணிக்கு வரேன்" என்று தினமும் சொல்ல முடியுமா? ஒரு வாரம் பொறுப்பார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் நிற்கும்போது அதுவும் கிடையாது. நலவாரியத்தில் பதிந்து வைத்தவர் இறந்தால் ஈமச்சடங்குக்கு உதவித்தொகை வருகிறது. அப்பாவைப் பார்க்க வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட மகன் இழக்கிற கூலியை யார் கணக்கில் எழுதுவது? சாவு ஒரு நாளில் முடியும் காரியம். அதனால்தான் எல்லாராலும் வர முடிகிறது. நோய் எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. அன்றாடங்காய்ச்சி எப்படி வருவான்?

தறிச்சத்தம் எழுதியது:

வாசலில் செருப்பு இல்லாததற்கு எப்போதும் ஊர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நான்தான் கேட்டைப் பூட்டினேன். ஏன் என்று சொல்கிறேன்.

அம்மாபேட்டையில் எங்களுக்குத் தறி. அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். பார்க்க வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கு நேராகக் குனிந்து, "நான் யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பார்ப்போம்" என்பார்கள். அம்மாவுக்குத் தெரியும், வாய்க்கு வராது. உதட்டைக் கோணி முயற்சி செய்யும்போது வந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, "அடையாளம் தெரியல போல" என்று அம்மா காதுபடவே சொல்வார். அடுத்தவர் வந்தால் மறுபடியும் அதே பரீட்சை. அப்புறம் இதே நோயில் செத்துப்போன சொந்தக்காரர் கதை. "எப்படி இருந்த மனுஷி" என்று ஒரு அழுகை. போனபின் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இன்னொன்று. பெண்களுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், சிறுநீர்க்குழாய் பையோடு தொங்குகிறது, நைட்டி மட்டும்தான் போட முடியும். இத்தனை வயசுக்குப் பட்டுச்சேலை நெய்து கொடுத்து, கொசுவம் கலையாமல் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தவள், ஊரே வந்து அந்தக் கோலத்தில் பார்ப்பதை விரும்பவில்லை. அவளுடைய அந்த விருப்பத்தைக் காப்பாற்றினேன். அதுவும் கருணைதான் என்று நினைக்கிறேன்.

பொன்னம்மாபேட்டை வாசி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் சொன்னது பாதிதான் என்று புரிகிறது. கூட்டம் வர வேண்டும் என்பது என் ஆசை இல்லை. வந்தால் எப்படி வர வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லையே.

இரவுப்பணி எழுதியது:

அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தறிச்சத்தம் தங்கச்சி சொன்ன அந்த "யாருன்னு தெரியுதா" பரீட்சையை வார்டில் நிறையவே பார்த்திருக்கிறேன். உள்ளே போகும்போது நம் பேரை நாமே சொல்லிவிட வேண்டும். "அத்தை, நான் செவ்வாய்ப்பேட்டை மாமா மக வந்திருக்கேன்" என்றால் முடிந்தது. நோயாளிக்கு ஒரு பாரம் குறைந்தது. பிறகு நின்றபடி பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். பதில் வராத கேள்வி கேட்காமல் ஊர்ச்செய்தி சொல்லுங்கள். மாம்பழம் வந்துவிட்டதா, மழை பெய்ததா, யார் வீட்டில் பெண் பார்த்தார்கள். நோயைத் தவிர வேறு எதுவும் பேசலாம்.

சும்மா பார்த்துவிட்டு வராமல் ஏதாவது செய்ய நினைக்கிறவர்களுக்கு: அந்த வீட்டில் ரொம்பத் தேவைப்படுவது இன்னொரு ஜோடி கை. படுக்கையிலேயே இருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்பு எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்தலை, இந்த இடங்களில் தோல் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுவிடும். முதலில் சிவக்கும். அப்போதே கவனித்தால் சரியாகும். விட்டால் சில நாளில் குழி விழுந்து எலும்பு தெரிகிற அளவுக்குப் போய்விடும். ஒரு ஆளால் புரட்டுவது சிரமம். அடியில் ஒரு பழைய பருத்திப் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடித்துத் தூக்கித் திருப்பினால் தோல் உராயாது, நம் முதுகும் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர் காலையும் மாலையும் ஐந்து நிமிஷம் வந்து அந்தப் போர்வையின் மறுமுனையைப் பிடித்தால் போதும். மாலையும் ஊதுபத்தியும் வாங்கி வருவதைவிட எவ்வளவோ மேல்.

கடைசி நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குக் கோபம் வரும் விஷயம். உயிர் இழுத்துக்கொண்டு இருக்கும்போது சொந்தக்காரர்கள் வரிசையாக வாயில் பால் ஊற்றுகிறார்கள். நிலத்து மேல் ஆசை என்று மண்ணைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு, காசை உரசிக் கொடுக்கிறவர்களும் உண்டு. விழுங்கும் சக்தி போன மனிதருக்கு அந்தப் பால் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். அவர் மூச்சு முட்டித் தவிப்பதைப் பார்த்து, "பாலை ஏத்துக்கிட்டாரு, உசிரு அடங்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வோம். அன்போடுதான் செய்கிறோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேண்டாம்.

ஐந்துரோடு எழுதியது:

நர்ஸம்மா, மன்னிக்கணும். எங்கள் ஆயாவுக்கு நான் பால் ஊற்றினேன். பேரன் கையால் கடைசியாக ஒரு வாய் போனது என்ற நிம்மதிதான் இன்றைக்கும் எனக்கு மிச்சம். அதைத் தப்பு என்று சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது? எல்லாச் சடங்கையும் மருத்துவம் வந்து துடைத்துவிட வேண்டுமா?

இரவுப்பணி எழுதியது:

தம்பி, உங்கள் நிம்மதியில் நான் கை வைக்க மாட்டேன். ஆயாவுக்கு உங்கள் கையும் குரலும் பக்கத்தில் இருந்தது, அதுதான் பெரிசு. இனி வரப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: சடங்கை விட வேண்டாம். சுத்தமான பஞ்சைப் பாலிலோ தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்து உதட்டில் தடவுங்கள். கடைசி நாட்களில் வாய் ரொம்ப உலர்ந்துபோகும், அதனால் அது உண்மையிலேயே இதமாக இருக்கும். மகன், மகள், பேரன், மருமகள் எல்லாரும் வரிசையாக வந்து தடவலாம். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் பயந்துவிடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பசி தானாகவே அடங்கிவிடும். சாப்பிடவில்லையே என்று வாயில் திணிக்க வேண்டாம். காது கடைசி வரைக்கும் கேட்கும் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அதனால் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு "ராத்திரி தாண்டாது", "பெட்டிக்குச் சொல்லியாச்சா" என்றெல்லாம் பேசக் கூடாது. அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சங்ககிரி லாரி எழுதியது:

நான் எழுதுவது வேறு பக்கத்திலிருந்து. எங்களுக்குச் சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாத சாவுதான் அதிகம். எங்களோடு ஓட்டிக்கொண்டிருந்த ஒருத்தர் மகாராஷ்டிராவில் தாபாவில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், நெஞ்சுவலி வந்து எழுந்திருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேரும் வரைக்கும் அந்தத் தாபாக்காரர் உடம்புக்குப் பக்கத்திலேயே கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு மராத்தி தெரியாது. இறந்தவருடைய பர்ஸையும் செல்போனையும் ஒரு துணியில் முடிந்து வைத்திருந்து அப்படியே கொடுத்தார்.

தொப்பூர் கணவாயில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் எத்தனை விபத்து என்று. முன்பெல்லாம் அடிபட்டவரைத் தூக்கப் பயப்படுவோம். போலீஸ், சாட்சி, கோர்ட்டு என்று அலையவிடுவார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களைப் பாதுகாக்க விதிமுறைகளை உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று பிரிவு சேர்த்துவிட்டார்கள். கொண்டுபோய்ச் சேர்த்தவர் பேர்கூடச் சொல்ல வேண்டியதில்லை, சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து இன்னுயிர் காப்போம் திட்டமும் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. அதனால் தயவுசெய்து வண்டியை நிறுத்துங்கள். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்னொரு தகவல். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, 155377க்குப் போன் செய்தால் வரும். இது தெரியாமல் கேட்டுக்கு வெளியே நிற்கிற தனியார் வண்டிக்கு வாடகை பேசி, அந்த நேரத்தில் கடன் வாங்குகிறார்கள். மார்ச்சுவரி வாசலில் யாராவது தவித்து நின்றால் இந்த நம்பரைச் சொல்லுங்கள்.

ஓமலூர் வடக்கு எழுதியது:

எல்லாரும் சாவுக்கு ஊரே கூடும் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர்? எங்கள் ஊரில் எல்லாச் சாவுக்கும் எங்கள் தெருவிலிருந்து ஆள் போகும். பறை அடிக்க, குழி வெட்ட, துக்கம் சொல்ல. என் தாத்தா ஊர் முழுக்க நடந்து சேதி சொன்னவர். அவர் செத்தபோது அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்தவர்களும் தெருமுனையிலேயே நின்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். சுடுகாடு எங்களுக்கு வேறு, வழியும் வேறு. மழைக்காலத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் சேற்றில் இறங்கி நடந்திருக்கிறோம்.

சாதி வேறுபாடு இல்லாத மயானம் வைத்திருக்கும் ஊர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அரசு அறிவித்திருக்கிறது. ஒரே மண்ணில் புதைப்பதற்குப் பரிசு கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். கருணையைப் பற்றிப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

பொன்னம்மாபேட்டை வாசி எழுதியது:

நீங்கள் சொல்வதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. சாவுக்கு ஒரு முறை இருக்கிறது என்று நான் பெருமையாக எழுதினேன். அந்த முறைக்குள்ளேயே யார் தொட வேண்டும், யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதும் சேர்ந்துதான் இருக்கிறது. இந்த இழையைப் படிக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

கொரோனா பரவிய 2021 மே மாதம் நினைவுக்கு வருகிறது. இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கை போட்ட சமயம். அன்றைக்குப் பெற்ற பிள்ளையே பக்கத்தில் வரப் பயந்தான். தமிழ்நாடு முழுக்க எத்தனையோ இந்துக் குடும்பங்களின் உடல்களை இஸ்லாமிய இளைஞர்கள் கவச உடையோடு வாங்கிக்கொண்டுபோய் அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள். முறை உடைந்தபோதுதான் யாரும் யாருக்கும் செய்யலாம் என்பதும் தெரிந்தது.

சேர்வராயன் காற்று எழுதியது:

ஏற்காடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாத்தியாராக இருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 30 கிலோமீட்டர்தான், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. ஆனால் ஏற்காடு வரைக்குமே வருவதுதான் பாடு. சில மலைக்கிராமங்களுக்கு ஜீப்கூட ஏறாது. நோயாளியைத் தூளி கட்டித்தான் ரோடு வரைக்கும் தூக்கி வர வேண்டும். நீளமான மூங்கிலில் போர்வையைக் கட்டி, முன்னால் ரெண்டு பேர், பின்னால் ரெண்டு பேர், மாற்றிப் பிடிக்க இன்னும் நாலு பேர் கூடவே நடப்பார்கள். 108க்குச் சொல்ல ஒரு பையன் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு முன்னாலேயே ஓடியிருப்பான். தூக்குகிறவர்கள் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற நாள்கூலிக்காரர்கள். கொலுசுப்பட்டறை நண்பர் கூலி போகுமே என்று சொன்னார். இவர்களுக்கும் போகும். ஆனால் எட்டுப் பேர் இல்லாமல் தூளி நகராது என்பது ஊருக்கே தெரியும், அதனால் ஆளாளுக்கு முறை வைத்துக்கொள்கிறார்கள்.

மலைமேல் இருக்கிறவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நான் எழுதவில்லை. ரோடு போட்ட ஊர்களில் தூளி வழக்கம் போய்விட்டது. ஜீப் வாடகை கொடுக்க முடியாதவர் வீட்டிலேயே கிடக்கிறார். ரோடு வேண்டும், கட்டாயம் வேண்டும். தூளியில் வரும்போது வழியிலேயே இறந்தவர்களும் உண்டு. ஆனால் நோய் ஊருக்குப் பொதுவான வேலையாக இருந்த காலமும் நம்மிடம் இருந்தது, இன்னும் சில இடத்தில் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

பந்தல் வாடகை எழுதியது:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். சாமியானா, சேர், குளிர்பெட்டி. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

2020 அக்டோபரில் நம் சேலத்தில் நடந்தது நிறையப் பேருக்கு நினைவிருக்கும். உயிர் இருந்த ஒரு முதியவரை வீட்டில் குளிர்பெட்டிக்குள் ராத்திரி முழுக்க வைத்துவிட்டார்கள். மறுநாள் பெட்டியை எடுக்கப் போன ஆள்தான் அவர் அசைவதைப் பார்த்துச் சத்தம் போட்டார். மீட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தும் சில நாளில் இறந்துவிட்டார். அதிலிருந்து எங்கள் ஆட்களிடம் கறாராகச் சொல்லிவைத்திருக்கிறேன்: டாக்டர் பார்த்தாரா என்று கேட்காமல் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கக் கூடாது. சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

உடம்பைத் தூக்கிப் பெட்டியில் வைக்கும்போது முதுகு எங்கள் கையில்தான் இருக்கும். அதனால் மற்றவர்கள் பார்க்காததை நாங்கள் பார்த்துவிடுகிறோம். நர்ஸம்மா சொன்ன புண். பெரிய வீடு, மூணு கார் நிற்கும், ஃபிளெக்ஸ் தெரு முழுக்கக் கட்டியிருப்பார்கள், ரோஜா மாலை குவிந்து கிடக்கும். தூக்கினால் போர்வை முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும். கிச்சிப்பாளையத்தில் ஒற்றை அறை வீடு ஒன்று. பக்கவாதம் வந்து வெகுநாள் கிடந்த பாட்டி. தூக்கும்போது பார்த்தேன், முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. பவுடர் வாசனை. நகம் வெட்டியிருந்தது. குதிகாலுக்குக் கீழே வைக்கப் பழைய துணியில் சின்னத் தலையணை தைத்து வைத்திருந்தார்கள், ரெண்டு காலுக்கும் ரெண்டு. மருமகள்தான் பார்த்துக்கொண்டாராம், வீட்டு வேலைக்குப் போகிறவர். பெட்டி வாடகை எவ்வளவு என்று அவர் கேட்டார். நான் வாங்கவில்லை.

நான் இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்ட இல்லை. பெரிய வீட்டிலும் எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் போயிருக்கலாம். சம்பளத்துக்கு வைத்த ஆள் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருக்கலாம்.

ஒரு உபகாரம் கேட்கிறேன். கண்தானம் செய்ய நினைத்தால் பெட்டியோடு நாங்கள் வருவதற்கு முன்னாலேயே கண் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அவர்களே வீட்டுக்கு வருவார்கள். அதுவரை ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர், சர்க்கரைக்காரர், கண்ணாடி போட்டவர் எல்லாரும் கொடுக்கலாம்.

ஐந்துரோடு எழுதியது:

பந்தல் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை.

நர்ஸம்மாவிடம் ஒரு கேள்வி. எங்கள் பெரியப்பா இப்போது ஐசியூவில். புற்றுநோய் முற்றிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கூட்டிவரலாம் என்று பெரியம்மா நினைக்கிறார்கள். "காசுக்குப் பார்த்துட்டுக் கைவிட்டுட்டான்னு ஊர் பேசும்" என்று அண்ணன் நகையை அடகு வைத்துக்கொண்டிருக்கிறார். எது சரி?

இரவுப்பணி எழுதியது:

நேரில் பார்க்காமல் இது சரி, அது தப்பு என்று சொல்ல மாட்டேன், தம்பி. பெரியப்பாவுக்கு நினைவு இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். நம் வீடுகளில் எல்லாரையும் கேட்போம், படுத்திருக்கிறவரை மட்டும் கேட்க மாட்டோம்.

குணமாக வழியில்லாத நிலையில் வெண்டிலேட்டர் மாதிரியான சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2023இல் அதை இன்னும் எளிதாக்கினார்கள், ரெண்டு சாட்சியோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். இது கைவிடுவது இல்லை. ஊசியும் குழாயும் நிற்கும், கவனிப்பு நிற்காது.

வீட்டுக்குக் கூட்டி வந்தால் வலிக்கு என்ன செய்வது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு மருத்துவத்துக்கு அதைக் கொடுப்பது முன்பைவிட எளிது. அது கொடுத்தால் சீக்கிரம் உயிர் போய்விடும் என்ற பயத்தில் குடும்பத்தார் மறைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து வலி நிவாரணக் கவனிப்புக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார்கள், இயன்முறை மருத்துவரும் உண்டு. உங்கள் ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் 104க்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம் பொன்னம்மாபேட்டைத் தம்பி கேட்டதற்கும் சொல்கிறேன். நோயாளி வீட்டுக்கு ஒரு முறை இல்லை என்றீர்கள். உண்டாக்கலாம். 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அக்கம்பக்கத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, வாரம் சில மணி நேரம் தெருவில் இருக்கும் நோயாளிகளைப் போய்ப் பார்க்க வைத்தார்கள். கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள், ஆட்டோக்காரர் எல்லாரும்தான். புண் கழுவ, புரட்டிப் படுக்க வைக்க, பக்கத்தில் உட்கார்ந்து பேச. கேரளா முழுக்கப் பரவிவிட்டது. சேலத்தில் ஒரு தெருவில் முடியாதா?

கொலுசுப்பட்டறை எழுதியது:

வாரத்தில் சில மணி நேரம் என்றால் கூலி போகாது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பட்டறை லீவு. நான் வருகிறேன். போர்வையின் ஒரு முனையைப் பிடிக்கப் படிப்பு வேண்டாம் அல்லவா?

பொன்னம்மாபேட்டை வாசி எழுதியது:

நானும் இருக்கிறேன். நர்ஸம்மா, ஒரு ஞாயிறு காலையில் எங்கள் நாலைந்து பேருக்குப் புரட்டிப் படுக்க வைப்பதையும் புண் பார்ப்பதையும் சொல்லித்தர முடியுமா? இடத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். ஓமலூர் நண்பரே, நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும். எந்தத் தெரு என்று பார்க்காமல் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போக வேண்டும் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

ஓமலூர் வடக்கு எழுதியது:

வருகிறேன். எங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கும் நீங்கள் எல்லாரும் உள்ளே வர வேண்டும், கொடுக்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இரவுப்பணி எழுதியது:

சொல்லித்தருகிறேன். ஞாயிறு பத்து மணி. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டு, நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள்.

தறிச்சத்தம் எழுதியது:

அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். நர்ஸக்கா எழுதிய மாம்பழப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. கூட்டமாக வேண்டாம், பெண்கள் ரெண்டு பேர் என்றால் சரி என்று கையால் காட்டினாள். புதன் அல்லது வெள்ளி, சாயங்காலம் நாலு மணிக்கு மேல். அப்போது நான் தறியை விட்டு எழுந்திருக்க முடியும். தனிமடலில் வழி அனுப்புகிறேன். பழம், பிஸ்கட் எதுவும் வேண்டாம். ஏதாவது வாங்கி வந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் பெரியவர்களுக்கான டயபர், லார்ஜ் சைஸ், ஒரு பாக்கெட் போதும்.